வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனியவும்

கண்ணப்பன் குனிந்தான். அவன் கையிலிருந்த சாம்பார் வாளியும் கூடவே குனிந்தது.

ஹேமந்தின் வெளிர்நீல யூனிஃபார்ம் சட்டையில், சரியாகக் கம்பெனியின் பெயர் தைத்திருந்த இடத்தில், இரண்டு முருங்கைக்காயும் ஒரு கரண்டி சாம்பாரும் போய் உட்கார்ந்தன.

"யோவ்! இன்னாய்யா பண்ற?" ஹேமந்த் துள்ளி எழுந்தான். "மதியத்துக்கு மேல எங்க லைன்ல ஆடிட் கீதுய்யா!"

"நான் இன்னா பண்றது? அண்ணன் குனியச் சொன்னாரு, குனிஞ்சேன்" என்றான் கண்ணப்பன், நிமிராமலே. "மூணு எண்ற வரைக்கும் நிமிரக் கூடாதாம். இன்னும் ஒண்ணு பாக்கி கீது."

கல்லாவில் உட்கார்ந்திருந்த இசக்கியப்பன் ஓடிவந்தார். கையில் துணி இல்லை. நோட்டுப் புத்தகம் இருந்தது. அதைத் திறந்து, ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்து, பேனாவால் எழுதிக்கொண்டார்: 'வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனியவும்.'

எழுதி முடித்த பிறகுதான் அவருக்குத் துணி ஞாபகம் வந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது கோமதி மெஸ். நடத்துவது இசக்கியப்பனின் மனைவி கோமதியம்மாள். இசக்கியப்பனுக்கு அங்கே வேலை கிடையாது. அவர் பக்கத்திலுள்ள ஒரு ஜப்பான் கம்பெனியில் லைன் லீடர். பத்து வருடமாக மெஸ்ஸை வாசலிலிருந்துதான் பார்த்திருக்கிறார். பசிக்கும்போது மட்டும் உள்ளே வருவார்.

அப்படிப்பட்டவரைக் கம்பெனி ஆறு வாரப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பிவைத்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

இந்தப் பக்கத்தில் வெளிநாடு போய்வருவது பெரிய சங்கதி இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எந்த டீக்கடையில் நின்றாலும், நான்கு பேரில் ஒருவர் எங்கேயாவது பயிற்சிக்குப் போய்வந்திருப்பார். திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்கு அந்த நாட்டின் தூதர் மாதிரி பேசுவார்கள். பிறகு ஓ.டி. பார்க்கப் போய்விடுவார்கள்.

மெஸ்ஸில் தினமும் சாப்பிடுகிற நயினார் கொரியா போய்வந்தவர். "மேசையிலயே ஒரு மணி வச்சிருக்கான் வே. அமுக்குனா ஆளு வாரான். தொட்டுக்கிடுதது தீந்து போச்சுன்னா கேக்காமலே கொண்டாந்து வைக்கான்" என்பார்.

ஹேமந்த் ஜெர்மனி போய்வந்தவன். "அங்க எவனும் சிரிக்க மாட்டான்ணே. ஆனா எட்டு மணிக்கு வரேன்னு சொன்ன பிளம்பர் எட்டு மணிக்கு வந்தான். நான் எதிர்பாக்கலையா, லுங்கியோட நின்னுக்கினு இருந்தேன்" என்பான்.

இரண்டையும் கேட்டுவிட்டு இசக்கியப்பன் மெதுவாகச் சிரிப்பார். பிறகு ஜப்பானை எடுப்பார். ரயில் ஒரு நிமிடம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டதைச் சொல்வார். கடையில் சில்லறையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்ததைச் சொல்வார். ரயிலில் விட்ட குடையை மறுநாள் பெயர் எழுதிக் கட்டி வைத்திருந்ததைச் சொல்வார். இதிலெல்லாம் ஒரு பொட்டுப் பொய் இல்லை. சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே தழுதழுக்கும். உழைத்துக் களைத்த மனிதனை ஒரு நாடே 'சார்' என்று கூப்பிட்டால் எவருக்குத்தான் தழுதழுக்காது?

ஆனால் எல்லாவற்றுக்கும் சிகரம், அங்கே அவர் தங்கியிருந்த ஹாஸ்டல் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வாசலில் நீலத் துணித் திரை. ஒரு காது உடைந்த மண் பூனை பொம்மை. அறுபது வயதுள்ள ஒரு அம்மா தனியாக நடத்துகிறார்.

"அந்தம்மா சர்வீஸ் இருக்கே..." என்று ஆரம்பித்தால் கோமதியம்மாள் அரிசி களைந்து, உலை வைத்து, சோறு வடிக்கிற வரைக்கும் போகும். "கிண்ணத்துல சூப்பு குறைஞ்சா ஊத்திக்கிட்டே இருப்பாவ. போதும்னு கைய வச்சு மறைச்சாலும் வெரலு இடுக்குல ஊத்துவாவ. ஒருநாள் சளி. சாப்பாடு எறங்கல. நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, ஒரு காரமான தண்ணி வச்சுக் குடுத்தாவ பாரு, சாயந்தரமே சரியாப்போச்சு. மிச்சம் வச்சா வெரல ஆட்டித் திட்டுவாவ. போம்போது கையில ஒரு வாழப்பழம். பொறவு தெருவுல எறங்கி, நான் முக்கு திரும்புத வரைக்கும் நின்னு பாப்பாவ!"

"நாமளும் போம்போது வாழப்பழம் குடுக்கோம்லா?" என்றாள் கோமதியம்மாள்.

"நாம குடுக்கது வாழப்பழம். அந்தம்மா குடுத்தது மரியாதை."

கோமதியம்மாள் கரண்டியை ஒருமுறை பார்த்தாள். அவரையும் ஒருமுறை பார்த்தாள். "மெஸ்ஸு பழைய தகரக் கொட்டகையில இருக்கும்போது ஒரு சைனாக்காரத் தம்பி காய்ச்சலோட வந்து கெடந்தான். நானும்தான் ரசஞ்சோறு பெசஞ்சு குடுத்தேன்" என்றாள்.

"அது சைனா. நான் சொல்லுதது ஜப்பான்."

அந்தக் கடையில் பக்கத்து மேசை ஜப்பான்காரர்கள் யாருக்கும் வாழைப்பழம் கிடைக்கவில்லை என்பதையும் இசக்கியப்பன் கவனித்திருந்தார். மிகவும் பணிவானவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார். அந்த அம்மா தினமும் அவரிடம் நீளமாக ஏதோ சொல்வார். ஒரு வார்த்தை புரியாது. இவர் அந்த ஊர் ஆமாம் போட்டு, "ஹாய், ஹாய்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

இதெல்லாம் பெருமைப் பேச்சோடு நின்றிருக்கும். எதிரே ஏசி ரெஸ்டாரன்ட் ஒன்று வந்ததுதான் கெடுத்தது.

அது வந்த மூன்று மாதத்தில் மெஸ்ஸில் பாதிக் கூட்டம் காணாமல் போனது. கட்டடச் சொந்தக்காரர் வேறு, மெஸ் ஓடவில்லையென்றால் செல்போன் கடைக்கு விட்டுவிடப் போவதாக நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான் கம்பெனி அட்மினிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. புது லைன் போட ஜப்பானிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஆறு மாதம் தங்குவார்கள். இரண்டு வேளைச் சாப்பாடு வெளியே ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்களின் தலைவர் நகாஹரா வெள்ளிக்கிழமை மதியம் ஒரு உள்ளூர் மெஸ்ஸில் சாப்பிட வேண்டும் என்று அவராகவே கேட்டிருக்கிறார். பிடித்தால் மெஸ். பிடிக்காவிட்டால் எதிரே ஏசி.

அதாவது, வெள்ளிக்கிழமை அந்த மனிதருக்குப் பிடித்தால் கோமதி மெஸ் இருக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் செல்போன் விற்பார்கள்.

இசக்கியப்பனுக்கு அந்த வாரம் பி ஷிஃப்ட். மதியம் மூன்று மணி வரை சும்மா இருந்தார். சும்மா இருந்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

"ஒரு வாரத்துல இத ஜப்பான் ஆக்கிக் காட்டுதேன்" என்று கோமதியம்மாளிடம் சொன்னார்.

"சோறு பதமா இருந்தாப் போதாதா?"

"சோறு எல்லா நாட்டுலயும்தான் இருக்கு. சர்வீஸ் வேணும்."

அப்படித்தான் திங்கட்கிழமை ஹேமந்தின் சட்டையில் முருங்கைக்காய் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை கண்ணப்பன் புது விதிப்படி வாளியைக் கீழே வைத்தான், குனிந்தான், மூன்று எண்ணினான், நிமிர்ந்தான், வாளியை எடுத்தான், ஊற்றினான். அடுத்த ஆளுக்கு நகர்ந்து மறுபடியும் வைத்தான், குனிந்தான். ரசத்துக்கும் அப்படியே. மோருக்கும் அப்படியே. சாப்பிடுகிறவர்களுக்கு இருப்பது அரைமணி நேர இடைவேளை. அதில் கம்பெனி கேட்டிலிருந்து வந்து போகவே பத்து நிமிடம். ரசம் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். நயினார் ஓடுகிற அவசரத்தில் கீழே இருந்த மோர் வாளிக்குள் சேஃப்டி ஷூவோடு ஒரு காலை விட்டுவிட்டார்.

"எனக்கு முதுகு புட்ச்சிக்கிச்சுண்ணே" என்றான் கண்ணப்பன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு. "ஜப்பான்ல சர்வர்ங்க எப்டித்தான் வூடு போய்ச் சேர்றாங்களோ."

இசக்கியப்பன் யோசித்தார். பரிமாறுவதில்தான் நேரம் போகிறது. பரிமாறவே வேண்டாம். எல்லாவற்றையும் அறை அறையாகத் தடுத்த டப்பாவில் அளந்து வைத்துக் கொடுத்துவிட்டால்? ரயில்வே ஸ்டேஷனில் அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு அழகாக வைத்துக் கொடுத்தார்கள்! புதன்கிழமை ஐம்பது எவர்சில்வர் டப்பாக்கள் வந்து இறங்கின. சோற்றுக்கு ஒரு அறை. அந்த அறை, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் காலையிலிருந்து நின்றுவிட்டு வருகிறவனின் ஒரு கைக்குக் காணாது.

"அண்ணே, சாம்பிள் பார்த்தாச்சு. சாப்பாடு எப்ப வரும்?" என்று கேட்டான் ஹேமந்த்.

"இதான் சாப்பாடு."

"இதுவா? நம்ம கோமதியக்கா குண்டா நெறயப் போடுவாங்களே, அது இன்னா ஆச்சு?"

கேள்வி மேசைக்கு மேசை பரவியது. குரல்கள் உயர்ந்தன. கோமதியம்மாள் கரண்டியோடு வெளியே வந்து, "ஏல, எலையப் போட்டு ஒக்காருங்க, நான் போடுதேன்" என்று ஆரம்பித்தாள். இசக்கியப்பன் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி அடுப்படிக்குள் விட்டார். அடுப்படி வாசலில் ஒரு நீலத் துணியையும் தொங்கவிட்டார்.

"இனிமே நீ வெளிய வரக் கூடாது. கஸ்டமர ஏல, வாலன்னு பேசப்படாது."

"பொறவு எப்பிடிப் பேச?"

"பேசவே வேண்டாம்."

பத்து வருடமாகப் பேசிக்கொண்டே பரிமாறியவள். திரைக்குப் பின்னால் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். இசக்கியப்பன் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை கண்முன் நின்றது.

வாடிக்கையாளர் கோபப்பட்டால் ஜப்பானில் என்ன செய்வார்கள்? மன்னிப்புக் கேட்பார்கள். அதுவும் கடையின் பெரிய மனிதரே நேரில் வந்து, தலைகுனிந்து. வியாழக்கிழமை இசக்கியப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, முதல் மேசையிலிருந்து ஆரம்பித்தார்.

"நடந்ததுக்கு மனசார மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

முதல் மேசையில் இருந்த மூன்று பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"என்ன நடந்துச்சு?" என்றார் நயினார்.

"எது நடந்திருந்தாலும் சரி. முழுப் பொறுப்பும் எங்களோடது. இனிமே இப்பிடி நடக்காது."

நயினார் டப்பாவைப் பார்த்தார். கூட்டைக் கிளறிப் பார்த்தார். சாம்பாரை மூக்கருகே கொண்டுபோனார். இசக்கியப்பன் அதற்குள் அடுத்த மேசைக்குப் போய் இன்னும் ஆழமாகக் குனிந்திருந்தார்.

"தோ, கடைக்காரரே வந்து கால்ல வுழாத குறையாக் கெஞ்சறாருன்னா" என்று ஹேமந்த் பக்கத்திலிருந்தவன் காதில் சொன்னான், "சாம்பார்ல எதனா வுழுந்துட்டு கீது."

"எதனான்னா?"

"நாலு காலு, ஒரு வாலு."

ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு எல்லா நாற்காலியும் நகர்ந்தன. இரண்டு நிமிடத்தில் மெஸ் காலி. அன்று சாயந்தரத்துக்குள் மூன்று ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுக்களில் கோமதி மெஸ் சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது. இருட்டுவதற்குள் அந்தப் பல்லி ஓணான் ஆகிவிட்டது.

"நான் மன்னிப்புதானே கேட்டேன்!" ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்ட இசக்கியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தப்பு பண்ணாம மன்னிப்புக் கேட்டா ஒலகம் என்னன்னு நெனைக்கும்?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

நாளைக்கு நகாஹரா வருகிறார். வருகிற வழியில் யாராவது ஓணானைப் பற்றிச் சொல்லிவிட்டால்? இசக்கியப்பன் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். பெயர்தானே கெட்டது, பெயரை மாற்றிவிட்டால் போயிற்று. படப்பையிலுள்ள ஃபிளெக்ஸ் கடைக்காரரை நெருக்கி, காலையிலேயே புதுப் பலகை மாட்டிவிட்டார். சிவப்புச் சூரியன், ஒரு மலை, ரோஜா நிறச் சகுராப் பூக்கள். நடுவில் 'சகுரா ஃபேமிலி மெஸ்'.

பழைய பலகை இருந்த இடத்தில் பூ பூத்திருந்ததைப் பார்த்து, அதுவரை மாறாமல் வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும், மெஸ் கைமாறிவிட்டது என்று நினைத்து எதிரே ஏசிக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கம்பெனிக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியது மொழிபெயர்ப்பாளர் ஷெர்லின். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண். சென்னையில் ஜப்பானிய மொழி படித்துவிட்டு இந்தக் கம்பெனியில் இருக்கிறாள். பின்னால் இறங்கினார் நகாஹரா. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பருமன், குறுந்தாடி. இறங்கியவர் மெஸ்ஸைப் பார்க்கவில்லை. தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பார்த்தார். எதையோ தொலைத்தவர் மாதிரி இருந்தது.

இசக்கியப்பன் குனிந்தார். நகாஹரா பதிலுக்குக் குனிந்தார். விருந்தாளி தன்னைவிடத் தாழக் கூடாதே என்று இசக்கியப்பன் இன்னும் குனிந்தார். அவரும் விடவில்லை. பின்னால் நின்ற கண்ணப்பன், "இதுக்கு மேல போனா ரெண்டு பேரும் தரையில படுத்துக்க வேண்டியதுதான்" என்று முணுமுணுத்த பிறகுதான் இருவரும் நிமிர்ந்தார்கள்.

உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. நகாஹராவின் முன்னால் டப்பா வைக்கப்பட்டது. கண்ணப்பன் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தான். நகாஹரா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு ஷெர்லினிடம் ஏதோ கேட்டார்.

"இந்தப் பக்கம் முன்னாடி வேற ஒரு மெஸ் இருந்துச்சாமே, தகரக் கொட்டகையில? அதான் இங்க மாறி வந்துச்சான்னு கேக்குறாரு" என்றாள் ஷெர்லின்.

இசக்கியப்பன் சட்டென்று முன்னால் வந்தார். ஓணான் விஷயம் தெரிந்துவிட்டது! இனி ஒரே வழி.

"இல்லவே இல்ல! அந்த மெஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அவங்க எப்பமோ மூடிட்டுப் போயிட்டாவ. இது புத்தம் புதுசு!"

ஷெர்லின் சொன்னாள். நகாஹராவின் முகம் வாடிப்போனது. பிறகு ஸ்பூனை அழகாக ஓரத்தில் வைத்தார். கைகூப்பினார். மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சாம். நன்றியாம்" என்றாள் ஷெர்லின். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படியே எதிர்க்க ஏசியையும் ஒரு தடவை பார்த்துடலாம்னு சொல்றாருண்ணா" என்றாள்.

இசக்கியப்பன் வாசல் வழியே எதிரேயிருந்த ஏசியைப் பார்த்தார். தன்னால்தான், தன் நோட்டுப் புத்தகத்தால்தான் கோமதியின் மெஸ் போகப்போகிறது என்பது அந்த நொடியில் அவருக்குச் சுத்தமாகப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. நகாஹரா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

நீலத் திரை படாரென்று விலகியது.

"ஏ தம்பி! சோத்த வச்சிட்டு எங்க எந்திரிக்கே?"

கோமதியம்மாள் ஒரு கையில் சோற்றுக் குண்டானும் மறு கையில் கரண்டியுமாக நின்றாள். மூன்று நாள் திரைக்குப் பின்னால் அடக்கி வைத்திருந்த பேச்சு மொத்தமும் வந்தது.

"கடல் தாண்டி வந்து வேல பாக்குத புள்ள, அரை வயித்தோட எந்திரிச்சா ஒங்கம்மாவுக்கு ஆரு பதில் சொல்லுதது? ஒக்காரு! கண்ணப்பா, அந்த டப்பாவத் தூக்கிக் கடாசு. எலையப் போடு!"

"கோமதி!" என்று இசக்கியப்பன் அலறினார். "அவரு யாருன்னு தெரியுமா?"

"சாப்பிடாதவன்னு தெரியுது. அது போதும்."

ஷெர்லின் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். அவசியப்படவில்லை. நகாஹரா அப்படியே அசையாமல் நின்றார். கோமதியம்மாளின் முகத்தையே பார்த்தார். பிறகு பள்ளிக்கூடப் பையன் மாதிரி, பேசாமல் உட்கார்ந்தார்.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. கோமதியம்மாள் குழி பறித்துச் சாம்பார் ஊற்றினாள். அவர் ஸ்பூனைத் தேடவில்லை. கையாலேயே பிசைந்தார். ஊற்ற ஊற்றச் சாப்பிட்டார். போதும் என்று இலையை இரண்டு கையாலும் மறைத்தார். அவள் விரல் இடுக்கில் ஊற்றினாள். மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவரின் கண் கலங்கிவிட்டது.

"காரம்" என்றார் இசக்கியப்பன் ஷெர்லினிடம், அழாத குறையாக. "காரம் ஏறிடுச்சு. முடிஞ்சு போச்சு. அவ்வளவுதான்."

சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கைகழுவி வந்தவரின் கையில் கோமதியம்மாள் ஒரு வாழைப்பழத்தை வைத்தாள். நகாஹரா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நீளமாகப் பேசினார். ஷெர்லின் கேட்கக் கேட்க அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"திங்கக்கிழமைலேர்ந்து பன்னெண்டு பேரும் இங்கதான் சாப்பிடுவாங்களாம்."

இசக்கியப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா கண்டிஷன் போடறாரு. டப்பா வேண்டாமாம். யாரும் குனிய வேண்டாமாம். அக்கா வெளியிலதான் இருக்கணுமாம். மிச்சம் வச்சா இதே மாதிரி திட்டணுமாம்."

"என் முதுகு தப்பிச்சுது" என்றான் கண்ணப்பன்.

சந்தோஷத்தில் இசக்கியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் மனது கேட்கவில்லை. அந்த நாட்டு மனிதரிடமே அந்த நாட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் எப்படி விடுவது?

"அவருகிட்ட சொல்லும்மா. திட்டுனதத் தப்பா எடுத்துக்கிடாதீயன்னு சொல்லு. இவளுக்குச் சர்வீஸ் தெரியாது. நான் ஒங்க ஊருல கத்துக்கிட்டத இங்க கொண்டுவரப் பாத்தேன், வரலன்னு சொல்லு. அங்க ஒரு அம்மா கடையில ஆறு வாரம் சாப்பிட்டேன். அந்தம்மா மாதிரி இந்த ஒலகத்துலயே ஆளு கெடையாது. இந்தா, நானும் அவியளும் நிக்க போட்டோ!"

கைப்பேசியைத் திறந்து நீட்டினார். நீலத் திரை, காது உடைந்த மண் பூனை, நடுவில் இசக்கியப்பன். பக்கத்தில் அவர் தோளுயரத்துக்கு அந்த அம்மா, சிரித்துக்கொண்டு.

நகாஹரா படத்தைப் பார்த்தார். கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கோமதியம்மாளைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஷெர்லினிடம் மூச்சு விடாமல் ஏதோ சொன்னார். பாதியில் ஷெர்லினும் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? என்ன சொல்லுதாரு?"

ஷெர்லின் இசக்கியப்பன் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தக் கடைக்கார அம்மா இவரோட அம்மாவாம். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இவரு இங்க காய்ச்சல்ல கெடந்தப்ப, தகரக் கொட்டகை மெஸ்ல ஒரு அக்கா எப்படியெல்லாம் பார்த்துக்கிட்டாங்கன்னு தெனமும் போன்ல சொல்லுவாராம். அந்தம்மா அத்தனையும் ஒரு நோட்ல எழுதி வச்சிக்கிட்டு, இந்தியாவுலேர்ந்து யார் போனாலும் அதைப் பார்த்துப் பார்த்துதான் கவனிப்பாங்களாம். நீங்க அங்க ஆறு வாரமா சாப்பிட்டது ஜப்பான் சர்வீஸ் இல்லையாம்ணா... கோமதி மெஸ்ஸாம்."